ராஜ்தூத்தும் கொத்தனார் டியூபும்

மும்பை எல்.பி.எஸ். மார்க்கில் காட்கோபரிலிருந்து காஞ்சூர்மார்க் வரை தினமும் வண்டி ஓட்டுகிறவர் ஆக்சிலரேட்டரைக் கால் பங்குக்கு மேல் திருகுவது அரிது. விக்ரோலி ஸ்டேஷன் பக்கம் வந்துவிட்டால் அந்தக் கால் பங்குகூடக் கிடையாது. கிளட்சைப் பிடிப்பதும் விடுவதுமாக, ஐடிலுக்குச் சற்று மேலே வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். இரண்டு சிலிண்டரும் இரண்டு கார்புரேட்டரும் உள்ள வண்டிக்கோ இது பரீட்சை. இரண்டில் ஒன்று கொஞ்சம் முந்தினாலும் இந்த வேகத்தில் காட்டிக்கொடுத்துவிடும். வண்டி துள்ளும், மிஸ்ஸிங் அடிக்கும், சிக்னலில் நின்றால் அணைந்துபோகும். அதே வண்டியை ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் ஏற்றி விரட்டினால் ஒரு குறையும் தெரியாது.

நெரிசலில் மட்டும் தலைகாட்டி, வேகத்தில் மறைந்துபோகும் இந்தக் கோளாறுக்குக் காரணம் வெறும் வடிவக் கணிதம். அதைப் புரிந்துகொண்டால் கார்புரேட்டர் பேலன்ஸ் செய்வது கைராசிக்காரர்களின் ரகசிய வித்தை என்ற எண்ணம் போய்விடும். வீட்டு வாசலில், சில நூறு ரூபாய்ச் சாமான்களோடு, பொறுமையுள்ள யாரும் செய்யக்கூடிய வேலை இது.

இந்தியாவில் இந்தப் பாடத்தை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்த வண்டி ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்.டி.350 வண்டியை 1983 முதல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இங்கே தயாரித்து விற்றது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தயாரிப்பு நின்றுவிட்டது. 347 சி.சி., காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், ஆறு கியர். ஜப்பானிய மூலத்தில் 39 குதிரைத்திறன். நம் ஊர் மைலேஜ் கவலைக்காக அதை 30.5 ஆகக் குறைத்தார்கள், அது ஹெச்.டி. மாடல். பிறகு இன்னும் குறைத்து 27 ஆக்கினார்கள், அது எல்.டி. மாடல். விலையும் பெட்ரோல் செலவும் மிரட்டியதால் விற்பனை சரியாகப் போகவில்லை. ஆனால் நாற்பது வருடம் கழித்தும் அந்த வண்டியை விடாமல் வைத்திருப்பவர்கள் மும்பையில் இருக்கிறார்கள். அதன் இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி கார்புரேட்டர். கைப்பிடியிலிருந்து ஒரே கேபிள் இறங்கி, நடுவில் ஒரு சந்திப்பில் பிரிந்து, இரண்டு கார்புரேட்டருக்கும் ஆயில் பம்புக்குமாகப் போகிறது. இங்கேதான் வினை.

கேபிள் என்பது உறைக்குள் ஓடும் கம்பி. கம்பி நீளும், உறை சுருங்கும், மழைநீர் இறங்கித் துரு பிடிக்கும். இரண்டு கேபிளும் ஒரே அளவில் பழசாவதில்லை. நாளடைவில் ஒன்று மற்றதைவிட ஒரு மயிரிழை தொய்ந்திருக்கும். அந்த மயிரிழையின் மதிப்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இந்த வகைக் கார்புரேட்டரில் காற்று போகும் துளை வட்டமானது. அதன் குறுக்கே ஓர் உருளை வடிவ ஸ்லைடு ஏறி இறங்குகிறது. ஐடிலில் அது அடிமட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தூக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கேபிள் 0.2 மில்லிமீட்டர் கூடுதலாக இழுத்தால் அந்தப் பக்கத்து இடைவெளி 1.2 மில்லிமீட்டர். உயரத்தில் வித்தியாசம் 20 விழுக்காடு. ஆனால் துளை வட்டமானது அல்லவா? மேலே போகப் போக அது அகலமாகிறது. ஆகவே காற்று நுழையும் பரப்பு 30 விழுக்காட்டுக்கும் மேல் கூடிவிடுகிறது. ஒரு சிலிண்டர் மூன்று கவளம் சாப்பிடும் நேரத்தில் அடுத்தது நான்கு கவளம் சாப்பிடுகிறது. அதே 0.2 மில்லிமீட்டர், ஸ்லைடு 14 மில்லிமீட்டர் தூக்கியிருக்கும்போது ஒன்றரை, இரண்டு விழுக்காடுதான். முழுக்கத் திறந்துவிட்டால் ஒன்றுமே இல்லை. ஹைவேயில் குறை மறைவதும் எல்.பி.எஸ். மார்க்கில் வெளிப்படுவதும் இதனால்தான்.

காதுக்குக் கேட்கும் அந்தக் கரடுமுரடுக்கும் ஓர் எண் உண்டு. ராஜ்தூத் 350 எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் எதிரெதிராக ஏறி இறங்குகின்றன. அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 1,200 சுற்று என்றால் விநாடிக்கு 20 சுற்று, 40 வெடிப்பு. இரண்டு சிலிண்டரும் சமமாக உழைத்தால் எஞ்சினின் துடிப்பு விநாடிக்கு 40 முறை. ஒன்று பலமாகவும் மற்றது பலவீனமாகவும் வெடித்தால், பலமான அடி சுற்றுக்கு ஒருமுறைதான் வருகிறது. அப்போது 40-இன் அடியில் 20 என்ற பாதி வேகத் துடிப்பு ஒன்று முளைக்கிறது. ஹேண்டில்பாரையும் பெட்ரோல் டேங்கையும் ஆட்டுவது அந்தப் பாதித் துடிப்பு. நல்ல மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதும் அதைத்தான்.

பேலன்ஸ் வேறு, மிக்ஸர் வேறு. கேரேஜ்களில் இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வண்டிகள் கெட்டுப்போகின்றன என்பது என் திடமான எண்ணம். கார்புரேட்டருக்குள் குறுகும் துளையில் காற்று வேகமெடுக்கிறது; வேகம் கூடினால் அழுத்தம் குறைகிறது; அந்தக் குறைந்த அழுத்தம் கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. 1738-இல் டேனியல் பெர்னூலியும் 1797-இல் வெஞ்சுரியும் எழுதிவைத்த பாடம் இது. எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்பதை ஜெட், நீடில், ஏர் ஸ்குரூ ஆகியவை முடிவு செய்கின்றன. அது மிக்ஸர். ஒரு கிராம் பெட்ரோல் முழுக்க எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். கனஅளவில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று. எஞ்சின் குடிப்பது பெரும்பாலும் காற்றைத்தான். அந்தக் காற்றை இரண்டு சிலிண்டருக்கும் சமமாகப் பங்கிடுவதுதான் பேலன்ஸ்.

இந்த வேறுபாட்டை மும்பை மழைக்காலம் நன்றாகக் காட்டும். ஜூலையில் 30 டிகிரி வெப்பத்தில் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும்போது, அதில் நான்கு விழுக்காடு அளவுக்கு நீராவியே இடம் பிடித்துக்கொள்கிறது. அந்த அளவுக்கு ஆக்ஸிஜன் குறைகிறது, மிக்ஸர் கொஞ்சம் ரிச்சாகிறது, வண்டி மந்தமாகிறது. ஆனால் இரண்டு கார்புரேட்டருக்கும் ஒரே ஈரக் காற்றுதான் போகிறது. ஆகவே மழையால் மிக்ஸர் மாறலாம், பேலன்ஸ் மாறாது. மழைக்காலத்தில் மட்டும் ஒரு பக்கம் தொல்லை கொடுத்தால் கேபிளுக்குள் தண்ணீரோ, வெடித்த இன்டேக் ரப்பரோ, நனைந்த பிளக் கேப்போ காரணமாக இருக்கும். அங்கே பாருங்கள்.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் பேலன்ஸ் வெறும் சொகுசு விஷயம் இல்லை, எஞ்சினின் ஆயுள் விஷயம். ராஜ்தூத் 350-இல் ஆயில் பம்பு ஒன்று. இரண்டு சிலிண்டருக்கும் அது சம அளவில் ஆயில் தருகிறது. ஒரு ஸ்லைடு கூடுதலாகத் திறந்திருந்தால் அந்த சிலிண்டர் அதிகம் உழைக்கிறது, அதிகம் சூடாகிறது. ஆயில் மட்டும் கூடுவதில்லை. சோம்பேறியின் பங்கும் உழைப்பாளியின் பங்கும் ஒன்றாகவே இருக்கிறது. பழைய ஆர்.டி.க்களில் ஒரு பக்கத்து பிஸ்டன் மட்டும் சீஸ் ஆகிக் கிடந்தால், கார்புரேட்டர்களின் ஒற்றுமையையும் சந்தேகிக்க வேண்டும்.

சரி, செய்முறைக்கு வருவோம். முதலில் பிளக் இரண்டும் ஒரே வகையா, இக்னிஷன் டைமிங் இரண்டு பக்கமும் சரியா, கம்ப்ரஷன் ஏறத்தாழ ஒன்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றில் கோளாறு இருக்கும்போது கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகி ஈடுகட்டுவது, கணக்கில் ஒரு தப்பை இன்னொரு தப்பால் மறைப்பதற்குச் சமம். கிண்ணங்களைக் கழற்றி ஜெட்களைச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு ஃப்ளோட்டின் உயரமும் ஒன்றாக இருக்கட்டும்.

பிறகு ஏர் கிளீனர் ரப்பரைக் கழற்றினால் கார்புரேட்டரின் வாய் தெரியும். மேலேயுள்ள கேபிள் அட்ஜஸ்டர்களைத் தளர்த்தி, ஸ்லைடுகள் ஐடில் ஸ்குரூவின் மேல் முழுக்க உட்காரும்படி விடுங்கள். ஒரு 2 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் வழவழப்பான முனையை ஸ்லைடின் அடியில், எஞ்சின் பக்கத்து விளிம்புவரை நுழைத்து, அது லேசாக உரசும்வரை ஐடில் ஸ்குரூவைச் சரிசெய்யுங்கள். அடுத்த கார்புரேட்டருக்கும் அதே பிட், அதே உரசல். இரண்டு மில்லிமீட்டர்தானா என்பது இங்கே முக்கியமில்லை. இரண்டுக்கும் ஒரே பிட் என்பதுதான் முக்கியம்.

அடுத்து கேபிள். எஞ்சின் ஓடாமல் இருக்கும்போதே இரண்டு வாயிலும் ஒவ்வொரு விரலை வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திருகச் சொல்லுங்கள். இரண்டு ஸ்லைடும் ஒரே நொடியில் எழ வேண்டும். முந்துகிற பக்கத்தைத் தளர்த்துங்கள், பிந்துகிற பக்கத்தை இறுக்குங்கள். விரலைவிட நுட்பமான சாட்சி காது. ஆக்சிலரேட்டரைத் திருகிச் சட்டென்று விட்டால் ஸ்லைடுகள் ஸ்குரூவின்மேல் விழும் ஓசை கேட்கும். சமமாக இருந்தால் ஒரே ‘டக்’. இல்லையென்றால் ‘டடக்’. சில மில்லி விநாடி இடைவெளியில் விழும் இரண்டு ஓசையையும் மனிதக் காது பிரித்துவிடும். இவ்வளவு கூர்மையான கருவியைப் பிறப்பிலேயே வைத்துக்கொண்டு, நமக்கு வராது என்று ஏன் ஒதுங்க வேண்டும்?

இப்போது எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிக்கொள்ளலாம். ஏர் ஸ்குரூ இரண்டும் ஒன்றரைச் சுற்றுத் திறந்திருப்பது தொடங்குவதற்கு நல்ல இடம். சைலன்சர்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி உள்ளங்கைகளைப் பிடித்தால் இரண்டு பக்கத்து ஊதலையும் ஒப்பிடலாம். இப்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. சைலன்சர் பைப் சிலிண்டரிலிருந்து புறப்படும் இடத்தில் இரு பக்கமும் காட்டிப் பாருங்கள். குளிர்ச்சியான பக்கம் சோம்பேறிப் பக்கம். ஐடிலைத் திருத்தும்போது ஒன்றை ஏற்றினால் மற்றதைக் கொஞ்சம் இறக்கி, மொத்த வேகம் மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

காற்றால் குளிரும் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடினால் வேகமாகச் சூடேறும். எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேன் வையுங்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை அணைத்து ஆறவிடுங்கள். விக்ரோலி பார்க்சைட் சந்துகளிலோ கட்டடத்தின் அடித்தளத்திலோ கதவை அடைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, இரக்கமும் இல்லை.

ஃபோர் ஸ்ட்ரோக் இரட்டை சிலிண்டர், நான்கு சிலிண்டர் வண்டிகளில் இன்னொரு வசதி உண்டு. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உறிஞ்சலை அளக்கச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். மூடியிருக்கும் வாய்வழியே இழுக்கிற எஞ்சினில் உறிஞ்சல் அதிகம். திறந்த வாய்வழியே இழுக்கிற எஞ்சினில் குறைவு. இரண்டு பக்க உறிஞ்சலும் சமமானால் வாய்கள் சமம். இதற்கு வாக்குவம் கேஜ் செட் விற்கிறார்கள். ஆனால் கேஜ்கள் இரண்டும் ஒரே மாதிரி காட்டுமா என்பதே தனிக் கேள்வி.

தாராவியிலும் விக்ரோலியிலும் கட்டட வேலைக்குப் போகிற எந்தத் தமிழ்க் கொத்தனாரிடமும் இதற்கான விடை இருக்கிறது. டியூப் லெவல்: தண்ணீர் நிரப்பிய, கண்ணாடிபோல் தெளிவான நீளமான பிளாஸ்டிக் டியூப். ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை அந்தச் சுவரிலும் பிடித்தால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டம் கடலிலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று டியூபுக்குத் தெரியாது, கொத்தனாருக்கும் அது தேவையில்லை. இரண்டும் சமமா என்பது ஒன்றுதான் கேள்வி. அதற்கு டியூப் பொய் சொல்லாது. கார்புரேட்டருக்கும் அதே டியூப் போதும். ஒரு பலகையில் ‘யு’ வடிவில் அதை வளைத்துக் கட்டி, அடியில் கொஞ்சம் டூ டி ஆயில் ஊற்றி, இரண்டு முனையையும் இரண்டு சிலிண்டரின் உறிஞ்சு துளைகளில் செருகுங்கள். பலமாக உறிஞ்சும் பக்கம் ஆயில் ஏறும். அந்தப் பக்கத்து வாய்தான் அதிகம் மூடியிருக்கிறது. இரண்டு கார்புரேட்டருக்கும் நடுவிலுள்ள ஸ்குரூவை மெதுவாகத் திருகி ஆயிலைச் சமமாக்கிவிட்டால் வேலை முடிந்தது.

இந்த எளிய பொருள் எவ்வளவு நுட்பமானது என்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஐடிலில் எஞ்சினின் உறிஞ்சல் பாதரச அளவில் சுமார் 20 சென்டிமீட்டர். அதைத் தண்ணீரில் நேரடியாக அளக்க வேண்டுமானால் 2.7 மீட்டர் உயரக் குழாய் வேண்டும். வீட்டுக் கூரை இடிக்கும். ஆனால் நாம் மொத்தத்தை அளக்கவில்லை, வித்தியாசத்தை மட்டும் பார்க்கிறோம். பாதரசத்தில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம், ஆயிலில் 16 சென்டிமீட்டராக விரிந்து தெரியும். விலையுயர்ந்த கேஜில் முள்ளின் நடுக்கத்தோடு கலந்து போகும் வித்தியாசம் இங்கே கண்முன் சாணளவில் நிற்கிறது.

இரண்டு எச்சரிக்கை. உறிஞ்சல் ஒவ்வொரு இழுப்பிலும் துடிக்கும். ஆயில் துள்ளிக் குதிக்கும். கிராஃபோர்டு மார்க்கெட் மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சின்னக் காற்று வால்வை ஒவ்வொரு பக்கமும் மாட்டி, முக்கால்வாசி மூடினால் துடிப்பு அடங்கும். ஆக்சிலரேட்டரை முறுக்கி ரேஸ் கொடுக்காதீர்கள்; ஒரு பக்கம் ஆயில் எஞ்சினுக்குள் போய்விடும். அதற்காகத்தான் டூ டி ஆயில். தப்பிப்போனாலும் புகையாக எரிந்து போகும். இன்னொன்று பாதரசம். பழைய வெளிநாட்டு பேலன்ஸ் கருவிகளில் பாதரசக் குழாய்கள் இருந்தன. இன்னும் பழைய சாமான்களோடு அவை கைமாறுகின்றன. வாங்காதீர்கள். சிறிது எஞ்சினுக்குள் போனாலும் நச்சு ஆவியாகி சைலன்சர் வழியே தெருவுக்கு வரும். 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் மண்ணைச் சுத்தம் செய்ய எத்தனை ஆண்டு போராட வேண்டியிருந்தது என்பது தமிழர்களுக்குத் தெரியும். பாதரசத்தைப் புழக்கத்திலிருந்து குறைப்பதற்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றுக்கொண்டது.

சமன் செய்யும் இந்தப் பிரச்சினை மோட்டார் சைக்கிளோடு நிற்பதில்லை. விக்ரோலி கோத்ரெஜ் ஆலைகள் இஸ்ரோவுக்காக விகாஸ் எஞ்சின்களைச் செய்து தந்திருக்கின்றன. எல்.வி.எம்.3 ராக்கெட்டின் நடுக்கட்டத்தில் அந்த எஞ்சின்கள் இரண்டு பக்கம் பக்கமாக எரிகின்றன. ஒன்றின் உந்துதல் சற்றே கூடினாலும் ராக்கெட்டின் மூக்கு திரும்பப் பார்க்கும். எஞ்சின்களையே லேசாகச் சாய்த்து அதைத் திருத்துகிறார்கள். 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 கிளம்பியதும் இப்படி ஒரு ஜோடியின் துணையோடுதான்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்தபின் பெரும்பாலான புதிய வண்டிகளில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்புரேட்டரின் இடத்தைப் பிடித்துவிட்டது. சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 போன்ற இரட்டை சிலிண்டர் வண்டிகளிலும் பெட்ரோலைக் கணினிதான் அளந்து தெளிக்கிறது. என்றாலும் காற்றின் வழிகள் இரண்டாக இருக்கும்வரை அவற்றைச் சமன் செய்யும் தேவை போய்விடாது. கணினி பெட்ரோலைத் திருத்தலாம். கோணலாகத் திறந்த வாயைத் திருத்த முடியாது. டியூப் லெவல் அங்கேயும் வேலை செய்யும்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இப்போது புதிய கவலை எத்தனால். பெட்ரோல் பங்க்குகளில் வருகிற இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். ஒரு கிராம் எத்தனால் எரிய 9 கிராம் காற்று போதும். பழைய ஜெட்டோ பெட்ரோலுக்காகத் துளையிடப்பட்டது. அதன்வழியே இ20 ஓடினால் மிக்ஸர் ஏழு, எட்டு விழுக்காடு லீனாகிறது. சூடு கூடுகிறது. டூ ஸ்ட்ரோக் பிஸ்டனுக்கு அது ஆபத்து. ஏற்கெனவே பேலன்ஸ் தப்பிய வண்டியில், அதிகம் உழைக்கும் சிலிண்டருக்கு இது இரட்டைச் சுமை. எத்தனால் ஈரத்தையும் உறிஞ்சும். வண்டியை மழைக்காலம் முழுக்க நிறுத்திவைப்பதானால் கிண்ணங்களை வடித்துக் காலியாக்கி வையுங்கள். மெயின் ஜெட்டை ஓரளவு பெரியதாக்கும் கேள்வியை, பேலன்ஸ் முடிந்தபிறகு பிளக்கின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் செய்தால் எந்தப் பக்கம் எதனால் வெளுத்தது என்று தெரியாது.

கடைசியாக, கார்புரேட்டர் கேபிளைத் தொட்டால் ஆயில் பம்பு கேபிளும் மாறியிருக்கும்; தயாரிப்பாளர் போட்ட கோட்டுக்கு அதைத் திரும்பக் கொண்டுவராமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். ஏர் கிளீனரை மாட்டி, ஒருமுறை ஹைவேயில் நன்றாக ஓட்டிவந்து பிளக் இரண்டையும் கழற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தால், அடுத்த கேபிள் மாற்றும்வரை அந்த ஸ்குரூக்களில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.